வாசித்துக் காட்டாத பயோடேட்டா

என் ஆசை அத்தாவுக்கு,

உங்கள் பரீதாவின் ஸலாம். நீங்கள் மவுத்தாகி ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் உங்களுக்காக யாசீன் ஓதுகிறேனே தவிர, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதியதில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த மனுஷருக்கு மகள் ஒரு வரி எழுதவில்லை என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள். இன்று எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி வந்திருக்கிறது. கலியமூர்த்தியைப் பற்றிய சேதி.

பொறுங்கள், கடைசி வரிக்குத் தாவாதீர்கள். எதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தானே?

தஞ்சாவூர் பெண்கள் கல்லூரியில் என் வேலை என்ன என்று உங்களுக்குக் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. பள்ளிவாசல் வாசலில் நின்று, "எம் மக புள்ளைங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்குறா" என்று சொல்லிவிடுவீர்கள். மறுநாள் நாலு பேர் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். வேலை வாங்கிக் கொடுப்பதில்லை அத்தா, எந்த வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவது, நேர்முகத்துக்குப் பழக்குவது, பயோடேட்டா எழுதச் சொல்லித் தருவது என்று விளக்கினேன். அதைத்தானே நானும் செய்தேன், எனக்கு மட்டும் ஏன் யாரும் ஆபீசர் என்று பேர் வைக்கவில்லை என்று கேட்டீர்கள்.

போன வாரம் இந்த வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் சேர்த்து இரண்டு நாள் மாநாடு நடந்தது. மாநாடு என்றால் பந்தல் கிடையாது, மண்டபம் கிடையாது, மத்தியானச் சாப்பாடும் கிடையாது. அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மேலே நல்ல புடவை, ஒழுங்கான முக்காடு. மேசைக்குக் கீழே வெறுங்கால், பக்கத்து அறையில் குக்கர். மிக்சியைப் போட்டுவிடாதீர்கள் என்று உங்கள் மருமகனிடம் சொல்லியிருந்தேன். சொன்னபடி அவர் மிக்சியைப் போடவில்லை, தண்ணீர் மோட்டாரைப் போட்டார்.

காலையில் பெரிய பெரிய பேச்சுகள். பிற்பகலில் எட்டெட்டுப் பேராகப் பிரித்து, தமிழில் பேசுகிறவர்களை ஒரு அறையில் போட்டார்கள். அறை என்பது திரையில் எட்டுக் கட்டம், அவ்வளவுதான். நடத்தியவர் மென்மையாகப் பேசுகிற மனிதர். நீங்கள் ஒருவருக்குச் செய்த உதவியில் இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே போட்டிருந்தார்கள். ஆபத்தில்லாத கதை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன், எல்லோரையும் போல.

என் முறை வந்தது. வாயைத் திறந்தால் கலியமூர்த்திதான் வருகிறார். என்ன செய்ய?

அவர்களுக்கு முதலில் நம் கடையைச் சொன்னேன். பேராவூரணி ரோட்டில் இரண்டு மேசை போட்டால் நிறைந்துவிடும் அறை, ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டர். ஆற்றில் தண்ணீர் தள்ளிப் போய் குறுவைச் சாகுபடி இல்லாமல் போன வருஷங்கள் அவை. தெருவுக்கு இரண்டு பேர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இங்கிலீஷில் பயோடேட்டா வேண்டும். நீங்கள் அடித்து முடித்ததும் தாளைக் கொடுத்துவிட மாட்டீர்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானே இது?" என்று கேட்பீர்கள். ஆமாம் என்றால்தான் கையெழுத்து. வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களைவிட அதிகம் முணுமுணுத்தது நான். இருபது வயது, டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்த திமிர். விரலில் இருந்த வேகத்தில் பாதிகூட உங்களிடம் இல்லையே என்று எரிச்சலாக இருக்கும்.

அன்று நீங்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தீர்கள். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார் கலியமூர்த்தி. வயலில் ஆயில் இன்ஜின் பழுது பார்ப்பவர், நமக்குத் தெரிந்த பிள்ளை. விசா வந்துவிட்டதாம், ஆனால் டைல்ஸ் கொத்தனார் விசாவாம். சாயங்காலத்துக்குள் பயோடேட்டா வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டாராம். செய்யாத வேலையை நீங்கள் அடிக்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தொழுகை நேரமாகப் பார்த்து வந்திருந்தார். கெஞ்சினார். கொஞ்ச நேரம் நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் யோசிக்கவில்லை. மூன்று வருஷ அனுபவம், தரை ஒட்டுவதில் தேர்ந்தவர் என்று ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். வாசித்துக் காட்டவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். கார்பன் நகலை எடுத்துப் பார்த்தீர்கள். மடித்து மேசைக்குள் வைத்தீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அத்தா?

பிறகு கலியமூர்த்தியின் அம்மா அஞ்சம்மாள் வர ஆரம்பித்தார். வியாழக்கிழமை சந்தைக்கு வந்தால் நம் கடையில் ஏறாமல் போக மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் மகனின் கடிதம் நம் கடை விலாசத்துக்கு வர வேண்டும், நீங்கள் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கடிதம் வரவே இல்லை. நாலாவது மாதம், கொத்தனார் என்று பொய் சொல்லிப் போன ஒருவன் அங்கே மாட்டிக்கொண்டானாம் என்று பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் அஞ்சம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அந்தத் தாளுல என்னா பாய் அடிச்சீங்க?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க்கா அடிச்சேன். தப்பா அடிச்சுட்டேன்" என்றீர்கள்.

நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததே, அதற்காகவா? கடையில் நடந்தது எதுவானாலும் உங்களைச் சேர்ந்தது என்றா? கொஞ்ச நாளில் அஞ்சம்மாள் வருவது நின்றுவிட்டது. திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏஜெண்டைத் தேடிப் போனீர்கள், அவன் கடையைக் காலி செய்திருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம்வரை உங்கள் கண் தெருவிலேயே இருக்கும். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் அந்த அறையில் இருந்தவர்களிடம் சொல்லி முடித்தேன். கண் கலங்கி, மூக்கைத் துடைத்துச் சொன்னேன். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் வழுக்கினேன். "எங்கள் கடையில் அப்படி அடித்துக் கொடுத்துவிட்டோம்" என்றேன். எங்கள் கடை, கொடுத்துவிட்டோம். எத்தனை பேர் அடித்தோம்? ஒரு டைப்ரைட்டர்தானே இருந்தது?

முடித்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் கையை ஆட்டுகிறார்கள். நடத்தியவர் சங்கடத்தோடு, "மேடம், இவ்வளவு நேரமும் மியூட்ல இருந்தீங்க. எங்களுக்கு ஒண்ணும் கேக்கலை" என்றார்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தத் தயாரான கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நீங்கள் மட்டும் கேட்டுவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். வரி வரியாகக் கேட்டுவிட்டு, நீ சொன்னது இதுதானா என்று கேட்கிற மாதிரி இருந்தது. மைக்கைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை, நான்தான் அடித்தேன், பழியை என் தகப்பனார் ஏற்றுக்கொண்டார், நான் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னேன். கலியமூர்த்தி பெயரை மட்டும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டம் இருட்டானது. யாரோ சலித்துப்போய்க் கேமராவை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாநாடு முடிந்து கால் மணி நேரத்தில் போன் வந்தது. திருப்பூரில் ஒரு கல்லூரியில் என்னைப் போலவே வேலை பார்க்கும் பெண், பெயர் வினோதினி. அந்த இருட்டுக் கட்டம் இவள்தான்.

"மேடம், சந்தைக்கு வருவாங்கன்னு சொன்னீங்களே, அவங்க பேரு அஞ்சம்மாளா?"

ஆமாம் என்றேன். அவள் தொடர்ந்தாள். "அவங்க எங்க அம்மாச்சி மேடம். கலியமூர்த்தி என் மாமா. நல்லா இருக்காரு."

டெல்டாக்காரர்கள் எந்தக் கூட்டத்திலும் இரண்டு பேராவது இருப்போம் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இருந்தாள் அத்தா! நான் அழுததைப் பார்த்து உங்கள் மருமகன் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறி ஓடிவந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கலியமூர்த்தியோடு போனில் பேசினேன். மனைவியின் ஊரான குத்தாலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இங்கிருந்து ஒரு பஸ் தூரம்! முதல் நாளே மாட்டிக்கொண்டாராம். கரண்டியைப் பிடித்த விதத்திலேயே மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டாராம். திருப்பி அனுப்பக் காத்திருந்த வாரத்தில் தொழிலாளர் முகாமின் ஜெனரேட்டர் நின்றுபோக, இவர் பிரித்துச் சரி செய்திருக்கிறார். அப்படியே மெக்கானிக்காக வைத்துக்கொண்டார்களாம். ஊர் திரும்பும்வரை காகிதத்தில் மட்டும் கொத்தனாராகவே இருந்தாராம். "நம்ம வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட ஆளுதான் வச்சேன் தங்கச்சி" என்று சிரித்தார்.

அப்படியானால் ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை? கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"போட்டா உங்க கடைக்குத்தானே வரும். மாட்டிக்கிட்டதை மறைச்சு எழுத மனசு வரல, எழுதினா பாய்தான் படிக்கணும். உன்னைக் கெஞ்சி அடிக்க வச்சவன் நானு. உன்னையே காட்டிக் குடுக்குற மாதிரி ஆயிடாதா? அம்மா திருப்பூர் போயிட்டாங்கன்னு ஊர்லேருந்து வந்த ஒருத்தர் சொன்னதுக்கப்புறம் அங்க எழுதிட்டேன்."

அவர் என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தார். நீங்கள் என்னைக் காப்பாற்றப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். நடுவில் அந்த அம்மா வாராவாரம் வந்து நின்றார். என்ன கணக்கு இது? அஞ்சம்மாள் கடைசிவரை மகனோடும் மகளோடும் நன்றாக இருந்தார் என்று சொன்னார். அன்று மத்தியானம் நெடுநாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பாய் இருக்காங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஊரோடு திரும்பி வந்தபோது நம் கடையைத் தேடி வந்ததாகவும், அங்கே செல்போன் கடை இருந்ததாகவும், மேற்கொண்டு விசாரிக்கக் கூச்சமாக இருந்ததாகவும் சொன்னார். அந்தக் கூச்சத்தை மட்டும் அவர் அன்று விட்டிருந்தால், அப்போது உயிரோடு இருந்த நீங்களும் இந்தச் சேதியைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒன்றுதான் மனதுக்கு ஆறவில்லை. மற்றபடி முப்பது வருஷம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டேன்.

போனை வைக்கும் முன்னால் ஒன்று கேட்டார். "எனக்கு ஒரு பயோடேட்டா அடிச்சுத் தா தங்கச்சி. மெக்கானிக்னு போட்டு. எங்கயும் குடுக்க இல்ல. நானே வச்சுக்கத்தான்."

டைப்ரைட்டரைத்தான் நாம் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டோமே, கல்லூரி பிரிண்டரில் எடுத்திருக்கிறேன். ஒரே பக்கம். ஆயில் இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் காயில், அவர் செய்தது மட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை குத்தாலம் பஸ் ஏறுகிறேன்.

கையில் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டேன் அத்தா. அவர் கடையில் எதிரே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் தமிழில் வாசித்துக் காட்டுவேன். கடைசியில், நீங்க சொன்னதுதானே இது என்று கேட்பேன். அவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுப்பேன்.

உங்கள் கடையில் பாக்கியிருந்த அந்த ஒரு தாளை வாசித்து முடிக்கப் போகும்,
உங்கள் மூத்த மகள்,
பரீதா