மாதா படத்துக்கு முன்னால் வைத்த ஊசி

சேசு மரி சூசை துணை

பெக்கோக் ரப்பர்த் தோட்டம், மலாயா,
ஆகஸ்டு 1926

என் அன்பு மகள் வினிஃப்ரெட்டுக்கு, அப்பா கிரகோரி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் உன் அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் முழங்கால் நீங்கலாக, என் வாய் நீங்கலாக. மதராஸ் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்து, உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய சிஸ்டரிடம் திட்டு வாங்காமல் நாளைக் கழிக்கவேண்டும் என்பதே எங்கள் செபம். நீ போட்ட காகிதம் வந்தது. கண்ணாடி ஊசிக்குழாய் எப்படி இருக்கிறது, எல்லாருக்கும் அதிலேதானே போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். பதில் எழுதப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், அதனால் ஊர்க்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி மூர்த்தி புதுப் பல் கட்டிக்கொண்டார், இழவு வீட்டிலும் வாயை மூடமாட்டேன் என்கிறார். செனாயிலிருந்து உன் அத்தை வந்து தங்கினாள், அம்மாவின் குழம்பில் தினமும் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள், தினமும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இதைப் பற்றி இன்னும் எழுதலாம், ஆனால் உன் அம்மா எட்டிப் பார்த்து, விஷயத்துக்கு வாங்க, சுத்திச் சுத்திப் போகாதீங்க என்கிறாள்.

விஷயம் இதுதான் வினி. நீ உன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய அந்த ஊசிக்குழாயால் நான் இதுவரை ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை. அருமையாக வேலை செய்கிறது என்று போன காகிதத்தில் எழுதினேனே, அது பொய். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள், பிள்ளையின் முதல் சம்பளமாயிற்றே. ஒரு நாள் வைத்து எடுத்திருக்கவேண்டியது. எனக்கு எடுக்க மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் யாராவது தட்டி உடைத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள அது எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் நர்ஸ் வகுப்பில் சொன்னதென்று நீ எழுதியிருந்ததையும் கூடவே வாசிப்பேன். ஆதியில் சீமையில் ஒருவர் இறகுக் காம்பில் மிருகத்தின் மூத்திரப்பையைக் கட்டி நாயின் நரம்பில் மருந்து ஏற்றினாராம், பிறகு வெள்ளியில் திருகு வைத்துச் செய்தார்களாம், பிறகு உள்ளே தோல் அடைப்பு வைத்தது வந்ததாம், கடைசியில் முழுக்கக் கண்ணாடியாம். தோலைக் கொதிக்கவைக்க முடியாது, சுருங்கிப்போகும், கண்ணாடியை எவ்வளவு வேண்டுமானாலும் கொதிக்கவைக்கலாம், அதற்காகத்தான் இந்த மாற்றம் என்று நீ எழுதியதையும் நல்ல ராகத்தோடு வாசிப்பேன். வாசித்து முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், எனக்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போட்ட டிரசர் விட்டுப்போன தோல் அடைப்புக் குழாயைக் கார்பாலிக் தண்ணீரில் அலசி, அடைப்புக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி, பழையபடி குத்துவேன். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம்.

காளியம்மாவை உனக்குத் தெரியும், மேட்டுக் கூலி லயத்துப் பிள்ளை, உன்னோடு ரப்பர்க்கொட்டை பொறுக்கி விளையாடியவள். இப்போது அவளுக்கு ஒரு கைக்குழந்தை. காய்ச்சல் குளிரோடு வந்தாள், கொயினா மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்தாள், ஊசிதான் வழி. இடது இடுப்பில் பிள்ளை இருந்ததால் வலது கையை நீட்டினாள், ரப்பர்ப் பால் மரம் சீவுகிற கை. எறும்பு கடிச்ச மாதிரிதான் லா என்று சொல்லி அந்தப் பழைய குழாயால் போட்டேன். காய்ச்சல் விட்டது, கை வீங்கியது. அவள் வெற்றிலையை வாட்டி வைத்துக் கட்டியிருக்கிறாள். சீழ் கோத்து, சிகாமட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கீறும்படி ஆயிற்று. மாதம் ஒரு தரம் வரும் பெரிய டாக்டர், தோட்டத்துத் துரைக்கு முன்னாலேயே, கண்ட இலையைக் கட்டியதால் வந்த வினை என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் ஓயாத உன் அப்பன் அன்றைக்கு ஒரு சொல் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். புண் ஆறுகிறது, ஆனால் முழங்கை நீட்ட வரவில்லை. அவளாகவே கெடுத்துக்கொண்ட கைக்குத் தோட்டம் என்ன செய்யும், மரம் சீவுகிற உளியை வாங்கிக்கொண்டு புல் வெட்டுக்குப் போடவேண்டியதுதான் என்று அய்யாவு கங்காணி காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே சொல்லிவிட்டார். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று கட்டு மாற்ற வந்த காளியம்மாவை அம்மா வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டே மாதா படத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். என்னங்க டிரசரய்யா, மாதாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டாள், நானும் இளித்தேன். அது வினி அனுப்பினது என்று பெருமையாகச் சொல்ல வாய் வந்துவிட்டது, சொல்லியும்விட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வினியா அனுப்புச்சு, அது எங்களுக்குன்னுதானே அனுப்பியிருக்கும் என்றாள். கோபமில்லை வினி, விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது வேடிக்கை பேசித் தப்பித்திருப்பேன். அவள் போனபிறகு உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் பார்க்க முகமில்லை.

இன்று காலை பங்களாவுக்குப் போய்த் துரையிடம் உள்ளதைச் சொன்னேன். இலையால் இல்லை, என் ஊசியால் என்றேன். அவர் கத்தியது மலாயிலா இங்கிலீஷிலா என்று பிரித்துப் பார்க்கும் நிலைமையில் நான் இல்லை. என் வேலை என்னவாகும் என்பது பெரிய டாக்டர் வந்தபிறகுதான் தெரியும். காளியம்மாவுக்குக் கை சரியாகும்வரை பால் கொட்டகையில் உட்கார்ந்த வேலை, அவள் சீவும் மர நிரையை யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று துரை சொல்லிவிட்டார். அய்யாவு என்னிடம், அலமாக் என்று மலாயில் அங்கலாய்த்து, வாயைத் தொறந்து கெடுத்துக்கிட்டீங்களே டிரசரே என்று வருத்தப்பட்டார். வாயைத் திறந்ததற்காக என் ஆயுசிலே இந்த ஒரு தரம்தான் நான் வெட்கப்படவில்லை.

ஆனால் கை நீண்டால்தான் உளி பிடிக்க முடியும், அது துரை கையில் இல்லை. கீறி ஆறிய முழங்கையை எப்படிப் பழக்குவது, ஒத்தடம் எவ்வளவு நேரம், எண்ணெய் தேய்க்கலாமா, இழுத்துவிடலாமா கூடாதா என்று உங்கள் சிஸ்டரிடம் கேட்டு உடனே எழுது. வெட்கத்தைப் பார்க்காமல் அப்பா செய்ததென்றே சொல்லிக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, ராத்திரி டூட்டி என்றால் சால்வை போட்டுக்கொள். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் குழாயை இன்று கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொதிக்கவைத்தேன். பழைய குழாயைத் தூக்கி எறியப் போனபோது உன் அம்மா என் கையிலிருந்து வாங்கி, மாதா படத்துக்கு முன்னால் அதே இடத்தில் வைத்துவிட்டாள். நீங்க செபம் சொல்றப்ப இதைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க என்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் முழங்காலில் நின்றேன். மாதாவைப் பார்க்க முடியவில்லை, ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் தலையைக் குனியவைத்த அப்பா,
கிரகோரி