புது மாடல் வரும்வரை

அன்புள்ள அத்தாவுக்கு,

நேற்று வீடியோ காலில், எப்போதும் உங்கள் பின்னால் இருக்கும் கம்பெனி ரூமின் இரும்புக் கட்டில் தெரியவில்லை. நிஜாமுதீன் மாமாவின் ரூமில் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள்.

வேலையைப் பற்றி நான் கேட்பதற்குள் லேப்டாப் பேச்சை ஆரம்பித்துவிட்டீர்கள். "புது மாடல் வருதாம் புள்ள. நாள் முழுக்க சார்ஜ் நிக்குமாம். ஆனா மெமரிய அப்புறம் ஏத்த முடியாதாம். பெருசா பாத்து வாங்கிக்கினுதான் வருவேன்." நோன்புக்கு முன்பும் இதையேதான் சொன்னீர்கள்.

"வெளிநாட்டுலேர்ந்து ஜகபர் வெறுங்கையோட வந்து எறங்கினான், தெருவே சிரிச்சுது" என்று அம்மா ஒருநாள் சொன்னபோது நீங்கள் லைனில் இருந்தீர்கள். அது அம்மாவுக்கு நினைவில்லை.

விட்ட பத்தாவதைத் திரும்பப் படித்து எழுத எனக்குப் பழைய லேப்டாப்பே போதும், அத்தா. கனமாக இருக்கும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். ஆனால் மெமரியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்று திண்டிவனத்தில், நான் டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடையில், முதலாளி அக்னஸ் அக்காவிடம் அவருடைய பழையதை வாய்விட்டுக் கேட்டேன். "ஊமைன்னுல்ல நெனச்சேன்! எடுத்துக்கினு போடி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவின் முன்னால் வைத்து, நீங்கள் ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியது என்று சொன்னேன்.

உங்கள் சின்ன மகள்