தூத்துக்குடிக் கடற்கரையில் அறுபதாவது ஷெல்

பிப்ரவரி 7, சனி. காலை 11.20. தூ.குடி கடற்கரை.

குழாய் 60. வானத்துக்குப் போய் வெடிக்கும் ஷெல் 60. மின்திரி 60, எல்லாம் என் கையால் இணைத்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரி. நல்ல வெயில்.

கப்பல் பயணிகளை வரவேற்க வாணவேடிக்கை. ஏற்பாட்டுக்காரர் மூன்று பேர் மூன்று நேரம் சொல்கிறார்கள். ஒருவனையும் நம்ப முடியாது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் எங்கள் ஊர் அச்சங்குளத்தையே ஏற்றினாலும் இடம் மிஞ்சும். நாளை மாலைவரை நிற்குமாம்.

மதியம் 2. நாதஸ்வரத்துக்கு இடம் வேண்டுமாம். நாலாவது வரிசையை இரண்டடி தள்ளினோம். பயணிகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் மல்லிகை மாலையை மோந்து பார்த்துத் தும்மல்.

லோடுமேன்: "அண்ணே, கப்பலப் பாத்தது போதும். குழாயத் தூக்குங்க."

மாலை 7.45. தொடங்கியது 6.40. ஒவ்வொன்றாக வெடித்தது. தாளில் கோடு போட்டு எண்ணினேன். 59.

கேட் பாஸில் கையெழுத்து வாங்க என்னை அனுப்பிவிட்டார் அத்தான் (அக்கா வீட்டுக்காரர், போர்மேன்). முக்கால் மணி நேரம். திரும்பினால் குழாய்கள் வேனுக்குள். முதலாளியிடம் அத்தான், "அறுபதும் போயிருச்சு மொதலாளி."

"அத்தான், அம்பத்தொம்பதுதான்."

"ரெண்டு ஒண்ணா வெடிச்சது மாப்ள. நீ ஒத்தக் கோடு போட்டிருப்ப. புரோட்டா திங்க வா."

பேச்சு சாப்பாட்டுக்குத் தாவினால் எதையோ மறைக்கிறார். அக்கா கல்யாணத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒன்று மேலே போய் வெடிக்காமல் மணலில் புதைந்திருந்தால்? நாளை காலை 6.30க்கு அதே மணலில் பயணிகளுக்கு யோகா.

பிப்ரவரி 8, ஞாயிறு. காலை 7.10.

5.30 முதல் கம்பியால் மணலைக் குத்திப் பார்த்தேன். கிடைத்தது: செருப்பு ஒன்று, தேங்காய்ச் சிரட்டை. யோகாக்காரர்கள் பாய் விரிக்க வந்தார்கள். மறித்தேன்.

செக்யூரிட்டி: "யாருல இவன்? கப்பல்ல வந்தவங்களயே போகச் சொல்லுதான்!"

அத்தான் ஓடி வந்தார். எல்லார் முன்னாலும் கத்தினேன்: "பொய் சொல்லுதீக அத்தான்! யாருக்காவது கால் போனா?"

அவர் என் சட்டையைப் பிடித்து வேனுக்கு இழுத்துப்போனார். சாக்கை விலக்கினார். இனி வெடிக்காதபடி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, முழுசாக ஒரு ஷெல். குழாய் 37. கழன்ற ஒயர் முனையில் நீல டேப், நான் ஒட்டியது.

நாலாவது வரிசை. தள்ளியபின் மீட்டர் வைக்கவில்லை.

"மொதலாளி பக்கத்துல நின்னாரு. ஒயரிங் யாருன்னுதான மொதல்ல கேப்பாரு? உன்னச் சேத்துவிட்டதே நான்தானல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீ அப்பவே மைக்குல சொல்லிருப்ப."

சொல்லியிருப்பேன்.

காலை 10.30. வேனில், கோவில்பட்டி தாண்டி. வாளி என் இரண்டு காலுக்கும் நடுவில். அத்தான் தூங்குவதுபோல் நடிப்பு. இனி:

1. முதலாளியிடம் நானே சொல்வது. 37 என் தப்பு.
2. குழாய் ஒரு இன்ச் நகர்ந்தாலும் மறுபடி மீட்டர்.
3. அத்தானிடம் மன்னிப்பு. லோடுமேன் முன்னால்.
4. அது முடிந்ததும் கேட்பது: இதற்கு முன் எனக்காக மறைத்தது எத்தனை வாளி?