வேலியோர மிளகுக்கொடி

அன்புள்ள தம்பிக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று.

1. நம் நடுவேலியில் படர்ந்த என் மிளகுக்கொடியில் காய் குறைகிறது.
2. நீ ஆராதனைக்குத் தாமதமாக வருகிறாய்.
3. என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கிறது.

முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது உன்மேல் சந்தேகம் வந்தது. அதனால் இந்த ஞாயிறு, முழங்கால் வலி என்று உன் அண்ணியை மட்டும் ஆலயத்துக்கு அனுப்பிவிட்டு, பலாமரத்தின் பின்னால் நின்று கொடியைக் காவல் காத்தேன். நீ வரவில்லை.

திரும்பி வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்க, உங்க முட்டிக்காக உங்க தம்பி எந்திரிச்சு ஜெபம் பண்ணுனாருங்க. சட்டையில மரப்பாசி ஒட்டியிருக்குது. வலி முதுகுக்கு ஏறிருச்சுங்களா?”

நீ தெரிந்தே கேலி செய்தாயோ என்று மாலைவரை சந்தேகப்பட்டேன். ஜெபத்தில் உன் குரல் தழுதழுத்தது என்கிறாள்.

மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் அண்ணன்