சாமி என்று கத்திய குரல்

என் ஆசை மாமாவுக்கு,

அங்கே சோறு தண்ணியெல்லாம் எப்படி? கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போய் வருகிறாள். சங்ககிரியில் நீங்கள் வேலை பார்த்த பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுவதும் நிற்கவில்லை. செயின் பிளாக்கில் தூக்கிய இரும்புத் தகடு கொக்கி நழுவி உங்கள் தலையில் விழுந்ததே, அதே இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறாராம்.

முதலாளி ஊரெல்லாம் என்ன சொல்கிறார் தெரியுமா? "பாரம் தொங்கறப்ப அவனாப் போயி அடியில நின்னான். நானென்ன பண்றது?" படுக்கப் போகும் முன் கேஸ் அடுப்பை இரண்டு தடவை திருகிப் பார்க்கிற மனுசனா கவனமில்லாமல் போய் நிற்பார்? உயிர் போனது போதாதென்று பழியும் உங்கள் மேலா மாமா?

நேற்று உங்கள் கூட்டாளி செல்வராசண்ணன் வந்தார். அன்று செயினை இழுத்தவர் அவர்தான். காரியத்துக்குக்கூட வராதவர், வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"நான் அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், நடுவுல தகடு தொங்குது அம்மிணி. கொக்கி நழுவறதப் பாத்துப்போட்டேன். பயத்துல 'சாமீ, சாமீ'ன்னு கத்தறேன். அவனக் கூப்படறேன்னு நெனச்சு, 'வாரேன் சாமி'ன்னு நேரா அடியில பூந்துட்டானுங்க."

நம் பக்கம் பெரியவரைக் கூப்பிடுவதும் சாமி, பிள்ளையைக் கூப்பிடுவதும் சாமி. அவர் கூப்பிட்டது கடவுளை. போனது நீங்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. "இதை எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களாண்ணா?" என்றேன். "சொன்னா வேல போயிருமுங்க" என்றார். பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போனாப் போகுது. சொல்றேனுங்க" என்று எழுந்தார்.

தலைக்குப் போட வேண்டிய தொப்பிகள் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டோடு ஆபீஸ் பீரோவில் இருக்கின்றனவாம். சாமி கும்பிட்டதோடு சரி.

யார் கூப்பிட்டாலும் வாரேன் என்று ஓடுவீர்களே, நான் கூப்பிடுவது மட்டும் ஏன் கேட்கவில்லை?

இருக்கட்டும். நாளைக் காலையில் செல்வராசண்ணனோடு நானும் பட்டறைக்குப் போகிறேன். அந்தத் தொப்பிகள் ஆட்களின் தலைக்கு வர வேண்டும். தொங்குகிற பாரத்துக்கு அடியில் இனி யாரும் போகாதபடி தடுப்புக் கட்ட வேண்டும். கூப்பிட்ட குரலுக்குப் போனதால்தான் நீங்கள் செத்தீர்கள் என்று முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். பாப்பா மேல் சத்தியம்.

என்றைக்கும் உங்கள் ஊட்டுக்காரி,
கோமதி