கம்பளிப்பூச்சி வண்டியில் ஒரு டாக்டர்

மே 8, வியாழன்

சனிக்கிழமை பூங்கா டூர். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீடு எல்லாம் உண்டு. பேய் வீட்டுக்குத் தனியாக டிக்கெட் எதற்கு, என் தம்பி இருக்கும் அறையைக் காட்டினால் போதாதா?

அம்மா துணி மடித்துக்கொண்டே, "பாதி தூரம் நான் ஓட்டட்டுமாங்க?" என்று கேட்டாள். அப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். எங்கேயும் கிளம்பவில்லை. சும்மா கட்டினார்.

அம்மா லைசென்ஸ் வாங்கி ஏழு மாசம் ஆகிறது. முதல் தடவையிலேயே பாஸ். அன்றிலிருந்து அப்பாவிடம் தினம் ஒரு காரணம்: மழை, கூட்டம், டயரில் காத்து இல்லை, இன்னிக்கு வேண்டாம். லைசென்ஸ் அம்மாவின் பர்ஸில் இருக்கிறது. சாவி அப்பாவின் இடுப்புப் பையில் இருக்கிறது. இரண்டும் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

மே 10, சனி

முழு தூரமும் அப்பாவே ஓட்டினார். ஓட்டல் வாசலில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குறி மாதிரி நின்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை.

ரிசப்ஷனில் அப்பா கண்ணில் ஒரு போர்டு பட்டது. பூங்காவுக்கும் ஓட்டல்களுக்கும் நடுவே நாள் முழுக்கச் சுற்றும் ஷட்டில் பஸ், இலவசம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கார் இங்கயே நிக்கட்டும். அங்க பார்க்கிங்ல போட்டுட்டு கேட்டுக்கு நடக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடும்."

"நான் ஓட்டறேன். உங்களை கேட்லயே இறக்கி விட்டுட்டு நான் போய் நிறுத்திட்டு வரேன்."

"தெரியாத ஊரு. உனக்கு எதுக்கும்மா டென்ஷன்?"

அம்மாவுக்கு டென்ஷன் இல்லை. அவருக்குத்தான். அதை அம்மா பேரில் எழுதிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஷட்டில், மட்டையால் அடித்து ஆடுவது. அதில் அடி வாங்குவது இறகு. இதில் யார் என்று நாளைக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

நாங்கள்தான்.

உவ்வே. பஸ்ஸைக் கம்பளிப்பூச்சி மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பச்சை உடம்பு, கண்ணில் இமை, வாயில் லிப்ஸ்டிக். அதன் வயிற்றுக்குள் நாங்கள் ஏறினோம், ஏற்கெனவே செரித்துக்கொண்டிருந்த மற்றவர்களோடு. பூங்காவுக்கு முன்னால் எங்கள் ஓட்டல்தான் கடைசி நிறுத்தம் என்பதால் பஸ் வருவதற்குள் சீட்டெல்லாம் காலி — அதாவது காலியாக ஒன்றும் இல்லை. வெயில் கிரீம், ஈரத் துண்டு, யாரோ காலையிலேயே தின்ற பச்சை வெங்காயம், எல்லாம் கலந்து ஒரே வாடை. என் மூக்கு உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி ஒருவருடைய அக்குள். கைப்பிடியைப் பிடித்தேன். ஒட்டியது. என்ன ஒட்டியது என்று யோசிக்கக் கூடாது. யோசித்துவிட்டேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்பீக்கரில் ஒரு குரல்: "சிரிச்சுக்கிட்டே ஏறுங்க! சிரிச்சுக்கிட்டே இறங்குங்க!" அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை ஒரு நாள் இதில் நிற்க வைக்க வேண்டும்.

திரும்பும்போது இன்னும் மோசம். தண்ணீர்ச் சறுக்கிலிருந்து வந்தவர்கள் துவட்டாமல் ஏறினார்கள். எல்லாரும் என்மேல் துவட்டிக்கொண்டார்கள். என் தம்பி சுண்டெலி (ஆறு வயது, பத்து ஆள் வாய்) தின்ற பாப்கார்னை எல்லாம் என் புதுத் தொப்பிக்குள் வாந்தி எடுத்தான். சரியாக அந்த நேரம்: சிரிச்சுக்கிட்டே இறங்குங்க!

ஓட்டல் மரத்தடியில் எங்கள் கார் ஒய்யாரமாக நின்றது. ஏசி இருக்கிறது. நாலு சீட் காலி. பறவைகள் மட்டும் அதை உபயோகிக்கின்றன, கழிவறையாக.

மே 12, திங்கள்

திட்டம் எளிது. அப்பாவுக்கு பஸ் வெறுத்துப்போக வேண்டும். வெறுத்தால் சாவி வெளியே வரும். இடுப்பு வலி இன்னும் போகவில்லை, அதனால் சாவி அம்மா கைக்கு வரும். நான் ஏசியில் போவேன்.

எங்கள் ஓட்டலிலேயே தங்கியிருக்கும் மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றார், கூடவே அவர் மனைவி. அவர்கள் காதில் சொன்னேன்: "அதோ ஊதாச் சட்டை போட்டவர் பெரிய டாக்டர். லீவுல வந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதைவிட நல்ல மைக் கிடையாது. அடுத்த நிறுத்தத்துக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் வியாதியோடு மொய்ப்பார்கள், அப்பா அலறிக்கொண்டு காருக்கு ஓடுவார் என்று காத்திருந்தேன்.

ஒரு அம்மாள் எழுந்தார். "டாக்டர் சார், நீங்க நிக்கறதா? உக்காருங்க."

அப்பா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். வாயை மூடினார். உட்கார்ந்தார்.

எங்கள் அப்பாவுக்கு டைல்ஸ் கடை. பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் விற்கிறார்.

அறைக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?"

"அவங்களாதான் சொன்னாங்க. நான் எங்க சொன்னேன்? இல்லைனு சொல்லல, அவ்ளோதான்." பிறகு என்னைப் பார்த்து, "ஏய் வாலு, உன் வேலைதானே?" என்று கண்ணடித்தார். சே. அப்பா கண்ணடிப்பதைப் பார்ப்பதைவிடத் தொப்பியில் வாந்தி பார்க்கலாம்.

மே 13, செவ்வாய்

நம்பவே முடியவில்லை. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது!

சீட்டில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் பார்க்கிறார். முட்டி வலி என்று ஒருவர் சொன்னால், "வீட்ல என்ன தரை போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார். மார்பிளா, அதான் காரணம், குளிர்ச்சி ஏறும், மாத்திடுங்க. டாக்டர் தரை வரைக்கும் கேட்கிறாரே என்று அவர்களுக்குப் புல்லரிக்கிறது. எனக்கு அரித்தது மட்டும்தான்.

சாயங்கால பஸ்ஸில் மஞ்சள் தொப்பிக்காரர் செருப்பைக் கழற்றி, காலை அப்பாவின் மடிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தார். ஐயோ. கட்டைவிரல். நகம் ஓரமாகச் சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் ஊதா நிறத்தில் வீக்கம், விளிம்பில் மஞ்சளாக ஈரம். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டப் பார்த்தேன். ஜன்னல் திறக்காது.

"இவருக்குச் சர்க்கரை வேற இருக்குங்க டாக்டர்," என்றார் அவர் மனைவி.

அப்பா விரிசல் விட்ட டைல்ஸைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இறுக்கமா எதுவும் போடாதீங்க. காத்தாட விடுங்க. வெயில் படட்டும். நல்லாத் தண்ணி குடிங்க."

தொப்பிக்காரருக்கு எவ்வளவு சந்தோஷம்! மனைவி பக்கம் திரும்பினார். "ரெண்டு நாளா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரினு உயிரை எடுத்தியே. டாக்டரே சொல்லிட்டாரு பாரு!"

நான் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

இறங்கியதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவங்க சர்க்கரைனு சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"தண்ணி குடிக்கச் சொன்னதுல என்னம்மா தப்பு?"

சுண்டெலியின் சட்டை காரில் இருக்கிறது என்று சொல்லி அம்மா சாவியை வாங்கினாள். நானும் கூடப் போனேன். சட்டையை எடுக்கவில்லை. கண்ணாடியில் காய்ந்திருந்த எச்சத்தை ஈரத் துணியால் துடைத்தாள். டிரைவர் சீட்டில் ஏறி, கீழே இருந்த பிடியை இழுத்து, சீட்டை முன்னால் நகர்த்தினாள். கடக், கடக். நடுக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். இன்ஜினை மட்டும் தொடவில்லை.

"ஓட்டறப்போ எனக்குப் பயமே வரலடி," என்றாள். "அதான் உங்கப்பாவுக்குப் பயம்."

ஜோக் அடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

மே 14, புதன்

மஞ்சள் தொப்பிக்காரர் இன்று பூங்கா முழுக்க வெறுங்காலோடு, ஈரத் தரையில், நொண்டிக்கொண்டே நடந்தார். தூரத்திலிருந்து அப்பாவுக்குக் கைகாட்டினார். அப்பாவும் காட்டினார். சொல்லிடலாமா? யார்கிட்ட? என்னனு?

சொல்லவில்லை. ராட்டினத்துக்குப் போய்விட்டேன்.

மே 15, வியாழன்

கை இன்னும் நாறுகிறது. எழுதினால் நோட்டும் நாறும். பரவாயில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். மஞ்சள் தொப்பிக்காரரின் மனைவி. தலை வாரவில்லை. "டாக்டர் சார் இருக்காரா? உடம்பு நெருப்பா கொதிக்குது. கால் முட்டி வரைக்கும் வீங்கிடுச்சு. என்னென்னமோ பேசறாரு."

அப்பா தோளில் துண்டோடு வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சுண்ணாம்பு.

தொப்பிக்காரரைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தோம். ஆம்புலன்ஸுக்கு ரிசப்ஷன் அக்கா போன் பண்ணினார். பூங்கா திறக்கிற நேரம், மெயின் ரோடு அடைத்துக்கொண்டிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். வாசலில் கம்பளிப்பூச்சி நின்றது. அப்பா ஓடிப்போய்க் கேட்டார். "ரூட்டை விட்டு நான் போக முடியாதுங்க சார். பூங்காவுக்குன்னா ஏறுங்க," என்றார் டிரைவர். சிரிச்சுக்கிட்டே ஏறுங்க என்றது ஸ்பீக்கர்.

அப்பா இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்தார். ஜிப் வரவில்லை. மறுபடி இழுத்தார். அம்மா கிட்டே போய், அவர் கையை விலக்கி, ஜிப்பைத் திறந்து, சாவியை எடுத்தாள். கேட்கவில்லை.

சுண்டெலியை ரிசப்ஷன் அக்காவிடம் விட்டோம். அப்பா முன் சீட்டில், அம்மா பக்கத்தில். பின்னால் அவரைப் படுக்க வைத்தோம். தலை மனைவி மடியில். கால் என் மடியில். அந்தக் கால். அந்த விரல். என் முகத்துக்கு நேராக. அழுகின நாத்தம். குமட்டிக்கிட்டு வந்துச்சு. வாயை இறுக்கி மூடிக்கிட்டேன், காலை மட்டும் விடல. இது என் மடிக்குத்தான் வரணும். வேற யார் மடிக்கு வரும்?

அந்த அம்மாள் அப்பாவின் முதுகைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே வந்தார். "டாக்டர், ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன். கண்ணு சொருகுது டாக்டர்."

அப்பா திரும்பவில்லை.

"அவர் டாக்டர் இல்ல," என்றேன். "நான்தான் சும்மா சொன்னேன். விளையாட்டுக்கு."

"அவ சின்னப் பொண்ணு," என்றார் அப்பா, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே. "சீட்ல உக்காந்தது நான்தாங்க. எனக்கு டைல்ஸ் கடை."

அந்த அம்மாளின் வாய் திறந்தது. நான் அவர் கண்ணைப் பார்க்காமல் விரலையே பார்த்தேன். அது எவ்வளவோ மேல்.

அப்போது அம்மா, "அக்கா, ஒரு வளைவு வருது. அவர் தலையைப் பிடிச்சுக்கோங்க. நீ காலைப் பிடிடி," என்றாள்.

மெயின் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. அம்மா கடைகளின் பின்பக்கம் சரக்கு வண்டி போகிற சந்துக்குள் நுழைந்தாள். ஓரத்தில் அட்டைப் பெட்டிகள், எதிரில் ஒரு பால் வேன். அப்பாவின் கால் வெறும் தரையில் பிரேக் மிதித்தது. அம்மா ஒருமுறைதான் ஹாரன் அடித்தாள். வேன் பின்வாங்கியது. என் மடியில் இருந்த கால் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நிஜமானவர், விரலைப் பார்த்துவிட்டு, "சர்க்கரையை வெச்சுக்கிட்டு வெறுங்காலோட நடக்கச் சொன்னது எந்த டாக்டர்?" என்று கத்தினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் விரலையே எடுத்திருப்பார்களாம்.

அப்பா கையைத் தூக்கினார். வகுப்பில் தப்பு செய்த பையன் மாதிரி.

மே 16, வெள்ளி

பார்க்கப் போனோம். நகத்தை எடுத்து, சீழை வடித்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல் பிழைத்தது. அந்த அம்மாள் அம்மாவின் கையிலிருந்து ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டார். அப்பா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. என் பக்கமும்.

தொப்பியில்லாமல் அவர் தலை வழுக்கை. "ஏம்மா, டாக்டராக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்ததுதான் இன்னும் வலித்தது. அம்மாவிடம், "நீங்கதானே ஓட்டினது? தொட்டில்ல போன மாதிரி இருந்துச்சும்மா," என்றார்.

ஜீன்ஸை மூன்று தடவை துவைத்தேன். போகவில்லை.

மே 17, சனி

கிளம்பினோம். கம்பளிப்பூச்சி வாசலில் நின்று எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா காரின் பூட்டைத் திறந்து, பெட்டிகளை டிக்கியில் வைத்தாள். அப்பா பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. நடுக் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது அவர் மோவாய் மட்டும்தான் இருக்கும். சீட்டைப் பின்னால் தள்ளக் கையைக் கீழே விட்டார். பிடி கிடைத்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா தண்ணீர் பாட்டிலோடு வெளியே நின்றாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். இறங்கினார்.

"நான் பின்னால சுண்டெலிகூட உக்காந்துக்கறேன்," என்றார். "வாந்தி எடுத்தா பிடிக்க ஆள் வேணும்ல." என் தலையிலிருந்து, துவைத்துப் போட்டிருந்த அதே தொப்பியைக் கழற்றி, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா ஏறினாள். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.