சாடை ஒத்த சொற்கள்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் சண்டைக்கு வருகிறேன். இந்த நாட்டு மொழியில் மாமா என்றால் அம்மா, பாப்பா என்றால் அப்பா. இரண்டுமே நம் மொழியிலிருந்து போனவை என்று எழுதியிருக்கிறீர்களே! நம் மாமா கேட்டால் மீசையை எடுத்துவிடுவார். எந்த ஊர்க் குழந்தையும் முதலில் ‘மா’, ‘பா’ என்றுதான் வாயைத் திறக்கும். சாடை ஒத்திருந்தால் சொந்தமாகிவிடுமா? இங்கே நூலகத்தில் தேடிப் பார்த்தேன். நீங்கள் சேர்த்தவற்றில் பாதிக்கு வேர் வேறு. தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 14

வாயாடிக்கு,

முப்பது வருடமாக மெய்ப்புப் பார்ப்பவனுக்கு நேற்று முளைத்தவள் பாடம் எடுக்கிறாய். வேர், வேர் என்று குதிக்கிறாயே, நம் வாயில் வழங்கினால் நம் சொல்தான். வேர் வேறென்றால் வெளியே தள்ள வேண்டுமா? அப்படியென்றால் உன்னைத்தான் முதலில் தள்ளியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தொட்டிலில் கேட்பாரற்றுக் கிடந்தவளை, நானும் உன் அம்மாவும் வேர் விசாரித்துவிட்டா தூக்கி வந்தோம்?

அப்பா

மார்ச் 15

கண்ணு,

நேற்று ஒரு கடிதம் கிளம்பிவிட்டது. அதைப் பிரிக்காதே. கோபத்தில் எழுதியதை மேசையில் ஒரு நாள் ஆறவிட்டுக் கிழித்துப் போடுவது என் வழக்கம். அது உன் அம்மா கண்ணில் பட்டிருக்கிறது. “பொண்ணுக்குத்தானே, படிச்சுக்கூடப் பாக்காம நானே ஒட்டிப் போட்டுட்டேன்” என்று சிரிக்கிறாள். தபாலாபீசுக்கு ஓடினேன். மூட்டை போய்விட்டது. உன் காலில் விழுகிறேன், அப்படியே அடுப்பில் போட்டுவிடு.

அப்பா

மார்ச் 26

அப்பா,

இரண்டும் ஒரே நாளில் வந்தன. பிரிக்காதே என்பதைத்தான் முதலில் படித்தேன். பிரிக்காதே என்றால் சும்மா இருப்பவளாகவா என்னை வளர்த்தீர்கள்?

பிறகு அந்தக் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கிக் கருகி, பக்கத்து வீட்டுக்காரி வந்து அணைத்தாள். “யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு! மறைத்ததுகூடப் பரவாயில்லை. ஒரு வாக்குவாதத்தில் ஜெயிக்கவா இதை எடுத்தீர்கள்? இந்தக் கோபம் ஆற நாளாகும்.

அடுத்த மாதம் நேரில் வருகிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரியவே கூடாது. நான் காய்ச்சலை மறைத்தால், “பெத்த வயித்துக்குத் தெரியாதாடி?” என்று எழுதுவாள். இந்த வாரமும் எழுதியிருக்கிறாள். அவள் அதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் மகள்